நங்கை பொறுக்கிய கற்கள்

இரண்டு வெங்கச்சாங்கற்களை இருட்டில் வைத்து அழுத்தி உரசினால் கல்லுக்குள்ளேயே வெளிச்சம் வரும். இதை நான் என் இருபத்திரண்டாவது வயதில், கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம், கடலைக்காய் மூட்டை அடுக்கியிருந்த அறையில் பார்த்தேன். வெளியே உச்சி வெயில். ஜன்னல் இல்லாத அறை அது. கதவைச் சாத்தி, அடியில் இருந்த இடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டு என் நங்கை எனக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். "கண்ண மூடிராத அம்மிணி. இப்பப் பாரு" என்றார். கரகரவென்று ஒரு சத்தம். வெள்ளைக் கற்கள் இரண்டும் உள்ளுக்குள் மஞ்சளாகக் கனிந்து அணைந்தன, மறுபடி கனிந்தன. அந்த ஒளியில் அவருடைய விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன. முடி கருகியதுபோல ஒரு வாசனை அறையில் நின்றது. எதனால் இப்படி வருகிறது என்று கேட்டேன். "அதெனக்கு எப்பிடித் தெரியும்? உரசறப்பெல்லாம் வருது. அது போதாதா?" என்று சொல்லிக் கற்களை என் கையில் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் கணவரின் அக்காவை நங்கை என்றுதான் கூப்பிடுவோம். நான் பிறந்தது கொல்லங்கோட்டில். அப்பா ஒரு அரிசி ஆலையில் கணக்கப்பிள்ளை. பத்தாம் வகுப்பு வரை மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். வாழ்க்கைப்பட்டு வந்தது கோவிந்தாபுரத்துக்கு இரண்டு மைல் உள்ளே இருந்த தோட்டத்துக்கு. மாநிலம் கேரளம் என்றாலும் பேச்சும் சந்தையும் சம்பந்தமும் எல்லாம் பொள்ளாச்சியோடுதான். வில்லேஜ் ஆபீசுக்கும் போலீசுக்கும் மட்டும் மலையாளம் வேண்டும். அதனால் வீட்டுக்கு வரும் அரசாங்கக் காகிதங்களை எல்லாம் வாசிக்கிற வேலை வந்த வாரத்திலேயே எனக்கு வந்து சேர்ந்தது. மாமியார் என் கணவர் சிறுவராக இருந்தபோதே இறந்துபோயிருந்தார். வீட்டில் கணவர், அவருடைய தம்பி, பிறகு நங்கை. தம்பியைத் தூக்கி வளர்த்தது நங்கைதான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

நங்கையை உடுமலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான்கு வருஷம் குழந்தை இல்லை. ஒருநாள் அந்த வீட்டு வண்டி வந்து, அவரையும் அவருடைய டிரங்குப் பெட்டியையும் தோட்டத்து முனையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. வண்டிக்காரன் மாட்டைக்கூட அவிழ்க்கவில்லையாம். வந்தவரை, அப்போது உயிரோடிருந்த அவருடைய அப்பாவோ தம்பிகளோ "போ" என்று சொல்லவில்லை. "வா" என்றும் சொல்லவில்லை. பெட்டி இரண்டு நாள் வாசலிலேயே கிடந்ததாகப் பிறகு ஒருமுறை என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் கடலைச்செடி உதறிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

கல் பொறுக்கும் பழக்கம் எப்போது வந்தது என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியாது. எங்கள் காட்டில் செம்மண்ணுக்கு நடுவே வெள்ளைக் கல் வரிகள் ஓடும். உழவு ஓட்டி முதல் மழை பெய்து, மண் கழுவிப் போன மறுநாள் காலையில், வெயில் தாழ இருக்கும்போது சூரியனுக்கு எதிராக நடந்தால் சில இடங்களில் தரை மின்னும். மற்றவர்கள் அதைக் கண்ணாடிச் சில்லு என்று தாண்டிப் போவார்கள். நங்கை குனிவார். எடுத்ததை முந்தானையில் துடைத்து, நாக்கு நுனியில் தொட்டு ஈரப்படுத்தி, வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். பத்தில் ஒன்பதை வரப்போரம் போட்டுவிடுவார். பத்தாவது ஒரு டால்டா டப்பாவுக்குப் போகும். பருத்திப் பஞ்சு போட்டு அடுக்கிய டப்பாக்கள் மூன்று அவரிடம் இருந்தன. பென்சில் சீவியதுபோல ஆறு பட்டையும் கூரும் இருந்த பளிங்குகள், புகை அடைத்ததுபோல மங்கலானவை, தகடு தகடாக உரியும் காக்காப்பொன், மிளகளவு சிவப்புக் கற்கள். ஒரே ஒரு கல் இளம் ஊதாவில் இருந்தது. புத்தகத்தில் அதற்குச் செவ்வந்திக்கல் என்று பெயர் என்று நான் சொன்னேன். நங்கை ஒத்துக்கொள்ளவில்லை. "செவ்வந்தியாட்டவா இருக்குது? அவரைப்பூவாட்டம் இருக்குது" என்றார். அன்றிலிருந்து அது எங்களுக்கு அவரைப்பூ.

ஊரில் அவரைக் கல்லுப்பொறுக்கி என்றார்கள். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. கொல்லங்கோட்டிலிருந்து என் அம்மா வந்திருந்த ஒரு நாள், நங்கை முந்தானையில் மண்ணும் கல்லுமாக வாசலில் வந்து நின்றபோது நான் உள்ளே போய்விட்டேன். அவர் அதைக் கவனித்திருப்பார். ஆனால் மறுநாள் காலை, "வர்றியா அம்மிணி, நேத்து நல்ல மழ" என்று எப்போதும்போல் கூப்பிட்டார். போனேன். அதன்பிறகு மழை பெய்த மறுநாள் எல்லாம் போனேன். மாடு கறந்து முடித்து, சோறு வடிப்பதற்கு முன்னால் கிடைக்கும் முக்கால் மணி நேரம்தான். பேசிக்கொள்ள மாட்டோம். பத்தடி இடைவெளி விட்டு, தரையைப் பார்த்தபடி, சூரியனை நோக்கி நடப்போம். அந்த வீட்டில் அந்த முக்கால் மணி நேரத்தில் மட்டும்தான் நாங்கள் இருவரும் யாருக்காகவும் எதையும் செய்யாமல் இருந்தோம் என்பது இப்போது எண்ணும்போது தெரிகிறது. அப்போது அப்படியெல்லாம் நினைக்கத் தெரியாது. காலில் ஈரமண் அப்பிக்கொள்ளும். சந்தோஷமாக இருக்கும்.

அந்த நீலக்கல் கிடைத்தது அடுத்த வருஷம். எங்கள் காட்டின் கீழ்க்கோடியில் ஒரு ஓடை உண்டு. மழைக்கு மட்டும் தண்ணீர் போகும். அதன் கரை ஓரிடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக அரித்துப்போயிருந்தது. அந்தச் சுவரில் ஒரு பெரிய வெள்ளைக் கல் வரி குறுக்கே ஓடி உள்ளே நுழைந்தது. அதன் அடியில் உதிர்ந்து கிடந்த மண்ணிலிருந்து நங்கை அதை எடுத்தார். என் சுண்டுவிரல் நீளம். ஆறு பட்டை. தெளிந்த கிணற்றில் எட்டிப் பார்த்தால் தெரிகிற நிறம், நீலம் என்றும் பச்சை என்றும் சொல்ல முடியாது. வெகுநேரம் இருவரும் அதை மாற்றி மாற்றிக் கையில் வைத்திருந்தோம். பிறகு அவர் கரையை நிமிர்ந்து பார்த்தார். கை நீட்டி ஓர் இடத்தை லேசாகத் தொட்டார். ஒரு கூடை மண் பொலபொலவென்று சரிந்தது.

"பொக்கு மண்ணு. ஆராச்சும் ஒரு கடப்பாரை போட்டாப் போதும், அத்தனையும் உளுந்துரும்" என்றார். வேலிக்கு வெட்டிப்போட்டிருந்த முள்ளை இழுத்து வந்து அந்த இடத்தை அடைத்தோம். வீட்டுக்கு வரும் வழியில், "எங்க கெடச்சுதுன்னு ஆருகிட்டயும் சொல்லீராத" என்றார். "சொல்ல மாட்டேனுங்க" என்றேன்.

அடுத்து வந்தது வறண்ட வருஷம். பருவமழை இரண்டும் ஏமாற்றின. கிணற்றில் தண்ணீர் படிக்கட்டை விட்டு இறங்கி, பாறையில் போய் நின்றது. இன்னும் ஆழப்படுத்த வேண்டும், பாறைக்கு வெடி வைக்க வேண்டும் என்று கணவரும் கொழுந்தனாரும் தினமும் பேசிக்கொண்டார்கள். அதற்கு வழியில்லாததும் தினமும் பேச்சில் வரும். என் கொழுந்தனாருக்கு அப்போது இருபத்தாறு வயது. சிரித்த முகம். எனக்கு ஏழு மாதம். கிணற்றிலிருந்து குடம் தூக்கவிடாமல் அவரே தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனால், வாய்க்கு ருசியாக இருக்கும் என்று மாங்காய் வாங்கிவந்து யாருக்கும் தெரியாமல் அடுப்படியில் வைத்துவிட்டுப் போவார்.

அப்படி ஒரு சந்தை நாளில்தான் காங்கயத்திலிருந்து வந்த, நீலக்கல்லுக்கு நல்ல விலை தருகிற கல் வியாபாரி ஒருவரை அவர் பார்த்திருக்கிறார். வந்து என்னிடம் கேட்டார். "ஏனுங்கண்ணி, அக்கா டப்பாவுல ஒரு நீலக்கல்லு இருக்குதில்லீங்க? அது எங்கீங்க கெடச்சுது? அக்காகிட்டக் கேட்டாச் சொல்ல மாட்டேங்குது."

நான் ஏன் சொன்னேன் என்பதற்கு இத்தனை வருஷத்தில் பல காரணங்கள் கண்டுபிடித்துவிட்டேன். கிணறு வெட்ட உதவுமே என்று நினைத்தேன் என்பது ஒன்று. மாங்காய் கொண்டுவந்து தருகிறவரிடம் எப்படி மறைப்பது என்பது இன்னொன்று. இரண்டும் பொய் இல்லை. ஆனால் அந்த நிமிஷம் என் மனதில் இருந்தது வேறு. கூடப்பிறந்த தம்பிக்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற பெருமை. அதைச் சொல்லிக் காட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை. "கீழ ஓடைக்கரைல முள்ளுப் போட்டு அடச்சிருக்குதுங்களே, அங்கதானுங்க" என்றேன். மண் பொக்கு என்பதையும் சொன்னேனா? சொன்னதாகத்தான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சோற்று நேரத்துக்கு அவர் வரவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நங்கைதான் ஓடைக்கரையில் முள் விலகிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். அவர் போட்ட சத்தம் வீடு வரை கேட்டது. கணவரும் பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் மண்வெட்டியோடு ஓடினார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, மண்வெட்டி பட்டுவிடும் என்று எல்லோரையும் தள்ளிவிட்டு நங்கை வெறுங்கையால் மண்ணை வாரிக்கொண்டிருந்தார். விரல்களில் ரத்தம். முதலில் வெளியே வந்தது கொழுந்தனாரின் கால்தான். நங்கை அந்தப் பாதத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "சாமி, எந்திரி சாமி, என்ற சாமி" என்று மெல்லச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் அழுததை நான் பார்க்கவில்லை.

போலீஸ் மறுநாள் வந்தது. கல் தோண்டிப் போன உயிர் என்றால் விசாரிக்காமல் விட மாட்டார்கள். ஏட்டு நல்ல மனிதர். வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்து, மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். யாராவது கூலிக்கு வைத்துத் தோண்டச் சொன்னார்களா, அந்த இடத்தை அவருக்குக் காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்டார். நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கணவர் முந்தின நாளிலிருந்து இதே கேள்வியைத்தான் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இப்போது நிமிர்ந்து எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நாந்தானுங்க சொன்னேன்" என்றார் நங்கை. "நாந்தான் அங்க கல்லிருக்குதுன்னு அவங்கிட்டச் சொன்னேன். வேற ஆருக்கும் அந்த எடம் தெரியாதுங்க."

ஏட்டு எழுதிக்கொண்டார். மலையாளத்தில் வாக்குமூலத்துக்கு மொழி என்று பெயர். எழுதி முடித்ததும், இதை அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்னைக் காட்டினார். காகிதம் என் கைக்கு வந்தது. நான் ஒவ்வொரு வரியாக மலையாளத்தில் படித்து, தமிழில் சொன்னேன். இறந்துபோனவர் என் தம்பி. அந்த இடத்தை அவருக்குச் சொன்னது நான். வேறு யாருக்கும் அது தெரியாது. என் குரல் எனக்கே கேட்டது. நங்கை என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில், வாசித்துக் கேட்டேன், சரி என்று ஒரு வரி இருந்தது. அதையும் வாசித்தேன். கட்டுப்போட்ட விரல்களால் பேனா பிடிக்க முடியாமல் அவர் இடதுகைப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தார்.

காரியம் முடிந்த அன்று என் கணவர் தன் அக்காவிடம் ஒரே வாக்கியம் பேசினார். "இனி நீ இந்த ஊட்டுல இருக்க வேண்டாம்." சித்தி மகள் ஒருத்தி குமுளிக்கு அந்தப்பக்கம் சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டத்தில் இருந்தாள். நங்கை அங்கே போனார். அதே டிரங்குப் பெட்டி. பேருந்து நிறுத்தம் வரை நான் கூடப் போகக்கூடாது என்று கணவர் சொல்லியிருந்தார். முனை வரை போனேன். அவர் என் வயிற்றில் ஒருமுறை கை வைத்துவிட்டு நடந்தார். அவர் போன பிறகு கணவர் மூன்று டப்பாக்களையும் எடுத்துப்போய் வண்டித்தடத்தில் பள்ளம் விழுந்த இடத்தில் கொட்டி மண்ணைத் தள்ளினார். மழை பெய்தால் இரண்டு மூன்று கற்கள் வெளியே தெரியும். நான் அந்த இடத்தை நிமிர்ந்தபடியே தாண்டிப் பழகிக்கொண்டேன்.

பையன் பிறந்து மூன்று வயதானபோது, கொல்லங்கோட்டுக்கு அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லி, அவனை அங்கே விட்டுவிட்டு நான் சக்குபள்ளத்துக்குப் போனேன். பொள்ளாச்சி, உடுமலை, தேனி, கம்பம் என்று பேருந்து மாறி மாறி, மலை ஏறி, குமுளியில் இறங்கி ஜீப் பிடித்தேன். ஏலக்காய் ஸ்டோரில், நீள மேசை முன்னால் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிற பெண்களுக்கு நடுவில் நங்கை இருந்தார். முடி பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பையனக் கூட்டியாரலையா அம்மிணி?"

இல்லை என்றேன். "அதுஞ்செரி. மலப்பாதைல வாந்தியெடுப்பான்" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் விரல்கள் ஏலக்காய் மணத்தன. வழியெல்லாம் சொல்லிப்பார்த்துக்கொண்டு வந்ததை எல்லாம் மறந்து, "நாந்தானுங்க சொன்னேன், நங்கை" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்."

"அப்பறம் ஏனுங்க?"

அவர் சோற்றுப் போசியை மூடி வைத்தார். "உன்ற வகுறு அப்ப இத்தாம்பெருசா இருந்துது. உன்ற புருசனுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே உன்னக் கொண்டுபோய்க் கொல்லங்கோட்டுல எறக்கிட்டு வந்திருப்பான். பெட்டியோட வந்து வாசல்ல நிக்கறது எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்." போசியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, "எனக்கு எறங்கிப் பழக்கந்தானே" என்றார்.

அவரிடம் நான் சொல்லிவிடுகிறேன், நீங்கள் திரும்பி வந்துவிடுங்கள் என்றேன். "சொல்லறதுன்னாச் சொல்லு. எனக்காவச் சொல்லாத" என்றார். மழையில் கழுவப்பட்ட பாதையில் என்னை ஜீப் வரை கொண்டுவிட வந்தார். சாலை வெட்டிய சரிவில் வெள்ளைக் கல் தெரிந்தது. பாதையோரம் ஏதோ மின்னியது. எனக்குத் தெரிந்தது என்றால் அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் மரங்களின் உச்சியைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

ஊருக்கு வந்து சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்த நாட்கள் வருஷமாயின. நங்கை ஊரைவிட்டுப் போய்ப் பத்து வருஷம் முடிகிற சமயத்தில் தந்தி வந்தது. ஒருவாரக் காய்ச்சலில் நங்கை போய்விட்டார். கணவர் போகவில்லை. தந்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிணற்றுமேட்டில் போய் உட்கார்ந்தார். காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்து முடித்து, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அவ எதுக்கு அவங்கிட்டச் சொன்னா? எடம் மோசம்னு அவளுக்குத் தெரியாதா? தூக்கி வளத்தவளாச்சே."

"தெரியலீங்க" என்றேன்.

அவர் தலையசைத்தார். என் அருகில் வேறு யாருமில்லை, காகிதம் இல்லை, போலீஸ் இல்லை. வயிற்றிலும் யாருமில்லை. அன்று நான் சொல்லியிருக்கலாம். என்னைத் துரத்தியிருக்க மாட்டார் என்றுகூட இப்போது தோன்றுகிறது. டம்ளரை வாங்கிக்கொண்டு வந்து கழுவி வைத்தேன்.

கணவர் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. காடு முழுக்க இப்போது தென்னை. ஓடை இருந்த இடத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் மண் அடித்துச் சமன் செய்துவிட்டார்கள். போன மாதம் என் மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கே தலை நரைத்துவிட்டது. முழுவதையும் கேட்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன். அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்றாவது கேட்பான் என்று நினைத்தேன். அவன் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தான்.

"அத்தைய நான் ஒருக்காக்கூடப் பாத்ததில்லையாம்மா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன்.